பூட்டுக்காக வாங்கிய அலமாரி

பழைய சாமான் கடையில் வாங்கிய தேக்கு அலமாரியைக் கிழவர் தம் சமையலறைச் சுவரில் பொருத்திக்கொண்டிருக்கிறார். கீழே அதே கடைச் சிங்க், அதே கடைக் குழாய்; குழாய் சொட்டுகிறது. சன்னல் வெயில் அலமாரியின் பித்தளைப் பூட்டில் பட்டு எதிர்ச்சுவரில் ஆடுகிறது. அந்த வெளிச்சத்துக்குக் கீழே நாற்காலியில் அவருடைய அண்ணி. அவள் பெற்ற கெட்டிக்காரப் பிள்ளை வீட்டை இடித்து, நிலைக்கதவு வரை விற்றுத் தின்றுவிட்டு, போன வாரம்தான் அவளை இங்கே தள்ளிவிட்டுப் போனான். இது அவள் வீட்டு அலமாரி. எல்லோரும் ஒன்றாகக் குடியிருந்த காலத்தில் இதன் சாவி அவள் இடுப்பில் தொங்கியது. காய்ச்சலில் கிடந்த குழந்தைக்குப் பாலில் போட ஒரு கரண்டி சர்க்கரை கேட்டு நின்ற கிழவரின் மனைவியிடம், "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லி இதே கதவைப் பூட்டினாள்.

"சமையக்கட்டு அலமாரிக்குப் பூட்டு எதுக்கு தம்பி? கழட்டிப் போடுங்க."

"பூட்டுக்காகத்தான் அண்ணி இதையே தேடி வாங்கினேன்."

கடைசித் திருகாணியும் இறுகிவிட்டது. மனைவி சர்க்கரை டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டுகிறாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணிக்கு டீ கொண்டுவந்து வைக்கிறாள். அண்ணி ஒரு வாய் குடிக்கிறாள். முகம் சுளிக்கிறது. கை தானாக இடுப்புக்குப் போய், வெறுமனே மடிக்குத் திரும்புகிறது. கிழவர் திருப்புளியைப் பிடித்தபடி காத்திருக்கிறார். குழாய் சொட்டுகிறது.

"ஏம்மா, ஒரு கரண்டி சர்க்கரை குடேன்."

"நாளைக்குப் பாக்கலாம் அக்கா."

கிழவர் கை நீட்டிக் குழாயை இறுக்குகிறார். சொட்டு நிற்கிறது.