நாலு மணிக்குள் பேசிக்

"மேடம், திரும்பவும் அதே பல்லவிதான்! 'தயாராக இல்லை'ன்னு நிக்குது!"

டெலிபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கத்தினார் பயிற்சி மையத்தின் உரிமையாளர். கம்ப்யூட்டர் காலையில்தான் வந்திருந்தது. கொண்டுவந்த மெக்கானிக், அதன் முகப்பில் இருந்த இரண்டு டிரைவ் பொந்துகளில் மேலே இருந்ததில் ஒரு ஃபிளாப்பித் தட்டைப் போட்டு மெஷினுக்கு உயிர் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியை ஏற்றுவது உங்கள் பாடு என்பது அதற்கு அர்த்தம்.

மணி மூன்று இருபது. நாலு மணிக்கு அதிகாரி வருகிறார். பேசிக்கில் ஒரே ஒரு புரோகிராமாவது ஓடுவதை அவர் கண்ணால் பார்த்தால்தான் மையத்துக்கு அங்கீகாரம். இல்லையென்றால் வாசலில் மாட்டிய போர்டை நாளைக்கே கழற்ற வேண்டியதுதான். இருபது வருஷம் அச்சகத்தில் பார்த்த வேலையை மனுஷன் போன வாரம்தான் உதறிவிட்டு வந்திருந்தார்.

"பதறாதீங்க சார்," என்றாள், கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியின் பெண். குரலில் அப்படி ஒரு நிதானம். "பேசிக் ஃபிளாப்பியைக் கீழ் டிரைவுல வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"லேபிள் மேல் பக்கம் இருக்கணும்."

"மேல் பக்கம்தான் இருக்கு. நாலு தடவை உருவி உருவிப் பார்த்துட்டேன்."

"ஒரு நிமிஷம்." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "இப்ப மெஷின் உங்களை ஒண்ணு கேட்குமே? விட்டுடவா, திரும்ப முயற்சி பண்ணவா, கண்டுக்காம போகவான்னு?"

"மத்தியானத்திலேருந்து அதைத்தான் கேட்குது!"

"திரும்ப முயற்சி பண்ணச் சொல்லுங்க. ஆர் எழுத்தைத் தட்டுங்க."

தட்டினார். மெஷின் ஒரு உறுமு உறுமிவிட்டு மறுபடியும் அதையே கேட்டது.

"என் பொண்டாட்டிகூட ஒரே கேள்வியை இத்தனை தடவை கேட்டதில்லை மேடம்!"

அந்தப் பொண்டாட்டி சரியாக அதே நேரம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "முப்பது பேரும் வந்து உட்கார்ந்தாச்சு. எப்ப ஆரம்பிப்பீங்கன்னு கேட்கிறாங்க."

"ஃபேன் ஓடுதுல்ல? காத்து வாங்கிக்கிட்டு இருக்கச் சொல்லு."

"இவ்வளவு அல்லாடுறதுக்கு, புத்தகத்தைப் பார்த்துப் பண்ணலாமில்ல? அதுல எல்லாம் போட்டிருக்குமே."

"புத்தகமா?" அவருக்கு வந்ததே கோபம். "அதுல போட்டிருக்கிறதை நம்பி இறங்கினா நடுத்தெருவுலதான் நிக்கணும்! விஷயம் தெரிஞ்சவங்க லைன்ல இருக்காங்க. நீ போ."

அவள் உதட்டைச் சுழித்துவிட்டுப் போனாள்.

"சார், மெஷினை அணைச்சிட்டு, முப்பது வரைக்கும் எண்ணிட்டுப் போடுங்க," என்றது டெலிபோன்.

அணைத்தார். எண்ணினார். இருபத்திரண்டில் வெளியே ஏதோ கார் சத்தம் கேட்கவும் எண்ணிக்கை தப்பிப்போய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். கார் நிற்காமல் போய்விட்டது. மெஷினைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. 'தயாராக இல்லை.'

மூன்று ஐம்பது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பழைய முதலாளியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டுமே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"மேடம், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஏதாவது வழி சொல்லுங்க."

"சொல்றேன் சார், ஒரு நிமிஷம்." மறுபடியும் காகிதம் புரண்டது.

இதற்குள் மனைவி ஒரு துணியோடு உள்ளே வந்து, மெஷினைத் துடைக்க ஆரம்பித்தாள். "பெரிய மனுஷர் வர்ற நேரத்துல இதென்ன இவ்வளவு தூசி? ஆமா, மேல் பொந்துல தாழ்ப்பாள் போட்டிருக்கு, கீழ ஏன் திறந்தே கிடக்கு?"

"ஐயையோ, தொடாதே!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் கீழ்த் தாழ்ப்பாளை 'டக்'கென்று திருப்பிவிட்டாள்.

பதற்றத்தில் அவர் விரல் ஆர் எழுத்தின் மேல் விழுந்தது. மெஷின் கர்ர்ரென்று சுற்றியது. திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடி, கடைசியில் 'ஓகே' என்று நின்றது. பேசிக் ஏறிவிட்டது! ஒரே ஒரு வரி அடித்து ஓடவிட்டார். திரையில் 'வெல்கம்' என்று வந்தது. ரிசீவரை நழுவவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தார்.

"விடுங்க, வாசல்ல ஆள் இருக்கு," என்று கையை உதறிக்கொண்டு அவள் வெளியே ஓடினாள்.

தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரை எடுத்தார். "மேடம், தாழ்ப்பாள்! ஃபிளாப்பியைச் செருகினதும் தாழ்ப்பாள் போடணும்! இத்தனை நேரம் அதை ஏன் சொல்லலை?"

"தாழ்ப்பாளா? அப்படி ஒண்ணு இருக்கா சார்?"

"என்ன மேடம் என்னைக் கேட்கிறீங்க? தினமும் இதோட மாரடிக்கிறவங்க நீங்கதானே?"

"எங்கே சார்! ஆபீசுக்குன்னு வந்ததே ஒரு கம்ப்யூட்டர்தான். அதையும் பெட்டியைப் பிரிக்காம உங்களுக்கு அனுப்பிட்டோம். நான் இன்னும் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை."

"அப்ப இவ்வளவு நேரம் எதை வெச்சுச் சொன்னீங்க?"

"'பத்தே நாளில் பேசிக்'னு ஒரு புத்தகம் சார். மெக்கானிக் இல்லாத நேரத்துல அதை வெச்சுத்தான் சமாளிக்கிறோம். ஒரு வரி பிசகாம வாசிச்சேன். தாழ்ப்பாளைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை சார். எழுதின ஆளு கம்ப்யூட்டரைக் கண்ணால பார்த்திருப்பாரான்னே சந்தேகமா இருக்கு!"

அவர் ரிசீவரை வைத்தார்.

மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஏங்க, அதிகாரி வந்துட்டாரு! மெஷினை அப்புறம் பார்த்துக்கலாமாம். 'பத்தே நாளில் பேசிக்' எழுதின மேதையை முதல்ல பார்க்கணுமாம், சீக்கிரம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு வாங்க!"