தட்டு சொன்ன சேதி

எங்கள் பூனை செவலை மூன்று நாளாகக் கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. ஆனால் மிருக ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த அதன் மின்னணுச் சோற்றுத்தட்டு, காலியாவதை வைத்து, "பூனை முழுதாகச் சாப்பிட்டது" என்றே தினமும் ஆஸ்பத்திரிக்குச் சேதி அனுப்பியது. எனக்குத் தட்டின்மேல் சந்தேகம். மூட்டை தூக்கும் வேலைக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, ஜன்னலோரம் ஒளிந்து நின்றேன். என் மனைவி மரியபுஷ்பம் தட்டிலிருந்த மீனை வழித்துக் காக்கைக்குப் போட்டாள்.

"அடியே, தெனமும் இதானா?"

"அது வாயே வைக்கல. வீணாப் போகுதேன்னு போட்டேன்."

பூனையையும் தட்டையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூடிய கண்ணாடிக் கதவுக்குள் இருந்த டாக்டர் பூனையைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்.

"நல்லா சாப்பிடுதுன்னு தட்டு சொல்லுதே?"

"மூணு நாளாப் பட்டினி சார்!"

"அதைத் தட்டு சொன்னாத்தான் கதவு திறக்கும்."

தட்டை வாசற்படியில் ஓங்கி அடித்தேன். இரண்டாகப் பிளந்தது.

"தட்டு செத்துப்போச்சு சார். இப்பவாவது பூனையைப் பாருங்க."