மூன்றாவது கடிதம்

"மூணு நாளா என் பிள்ளையை என்கிட்டேயிருந்து பிடுங்கி வெச்சிருக்கீங்க. இன்னிக்கு அவனைத் திருப்பி வாங்காம இங்கேருந்து நகர மாட்டேன்!"

ஜிப்பாரா கண்ணாடிச் சன்னலைத் தட்டிய தட்டில் உள்ளே இருந்த பெண்ணின் தேநீர் தளும்பிவிட்டது. தோக்மோக் நகரத் தொலைபேசி அலுவலகத்தில் அன்று முப்பது பேராவது இருப்பார்கள். எல்லோர் கையிலும் ஒரே கடிதம்.

பத்து வருடம் வீட்டுத் தொலைபேசியை விடாமல் வைத்திருந்தால் ஆயுள் முழுக்க இணையம் இலவசம் என்று எழுதிக் கொடுத்த நிறுவனம், இப்போது தெருத் தெருவாக அதை நிறுத்திக்கொண்டு வந்தது. எழுதியது வாடிக்கையாளரின் ஆயுளை இல்லையாம், திட்டத்தின் ஆயுளையாம்.

"அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல," என்றார் பெஞ்சில் இருந்த எசென்குல். பஸ் ஓட்டி ஓய்ந்தவர். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி. "நம்ம ஊர்ப் பிள்ளைங்கதானே? நாம சாவுச் செய்தி சொல்ற மாதிரியே சொல்லியிருக்காங்க. முதல் கடிதம், 'சேவையை மேம்படுத்தறோம்'. ரெண்டாவது, 'சின்ன மாற்றம்'. சொந்தபந்தம் எல்லாம் வந்து சேர்ற வரைக்கும் மூடி மூடி வெச்சுட்டு, கடைசியில இருக்கிறதுல பெரியவர் எழுந்து 'உட்காரும்மா'ன்னு ஆரம்பிப்பாரே, அதான் இந்த மூணாவது கடிதம்!"

கூட்டம் சிரித்தது. ஜிப்பாராவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவோரம் நின்ற அவள் தம்பி மெலிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அக்கா சண்டைக்குக் கிளம்பியதே அவனுக்குக் காலையிலிருந்து பிடிக்கவில்லை.

ஜிப்பாராவுக்கு ஒரே மகன், எர்மெக். சைபீரியாவில் எரிவாயுக் கிணற்றில் வேலை. அங்கே கைப்பேசிக் கோபுரம் கிடையாது, முகாமின் இணையம் மட்டும்தான். தினமும் ஏழு மணிக்கு இவள் தட்டில் நூடுல்ஸைப் போட்டுக்கொண்டு டேப்லெட்டின் முன்னால் உட்காருவாள். அவன் அங்கே சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, தன் தட்டோடு உட்காருவான். அம்மாவும் பிள்ளையும் ஒன்றாகச் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்த மெலிஸ்தான் இணையப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லைனை வெட்டிட்டாங்க அக்கா," என்றான். மறுநாள் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து கொட்டிலில் கட்டினான். நரினிலிருந்து பெரியப்பா வருகிறாராம். வரட்டும். மூன்று நாளாக ஜிப்பாராவுக்குச் சோறு இறங்கவில்லை.

மெலிஸ் வந்து அவள் முழங்கையைப் பிடித்தான்.

"வா அக்கா, போகலாம். நாளைக்குப் பெரியப்பா வந்துடுவார். அப்புறம் பாத்துக்கலாம்."

"ஏன், பெரியப்பாதான் வந்து லைன் இழுக்கப் போறாரா?"

மறுபடியும் சிரிப்பு.

"காசு கட்டணும்னா நான் கட்டறேன் அக்கா. வீட்டுக்கு வந்துடு."

"எதுக்குடா கட்டணும்? எழுதிக் கொடுத்ததை இல்லேங்கறாங்க, நீ பையைத் திறக்கறே! அங்கே என் பிள்ளை, அம்மாவுக்கு என்ன ஆச்சோ ஏது ஆச்சோன்னு மூணு நாளாத் தவிச்சுக்கிட்டிருப்பான்."

மெலிஸ் கையை எடுத்துக்கொண்டான். கதவருகே போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

"கோழை," என்றாள் ஜிப்பாரா, சன்னல் பெண்ணிடம். "சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். எங்கேயும் வாயைத் திறக்க மாட்டான்."

"நம்பரைச் சொல்லுங்கம்மா," என்றாள் அந்தப் பெண் அலுப்போடு.

சொன்னாள். அந்தப் பெண் கணினியில் தட்டினாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவை தட்டினாள்.

"எந்தத் தெரு?"

"தண்டவாளத் தெரு. ரயில் கேட்டுக்குப் பக்கத்துல."

"உங்க தெருவை அடுத்த மாசம்தாம்மா நிறுத்தறாங்க. உங்க லைன் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"ஓடுதா? என்கிட்டேயே பொய் சொல்றியா? பெட்டியில ஒரு விளக்குகூட எரியலை!"

"எப்படி எரியும்? யாரோ கம்பியைப் பிடுங்கியிருக்காங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலேருந்து பெட்டி அணைஞ்சு கிடக்குன்னு இங்கே காட்டுது." அந்தப் பெண் இரைந்தாள். "வீட்ல இருக்கிறவங்களைக் கேக்காம எங்ககிட்ட வந்து கத்தறீங்களே!"

"என் வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன். வேற யாரு பிடுங்குவாங்க? செவ்வாய்க்கிழமை வந்தது..."

ஜிப்பாரா திரும்பினாள்.

மெலிஸ் கதவுச் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் வாய் திறந்திருந்தது.

கடிதங்களின் சலசலப்பு நின்றது. எசென்குல் மெலிஸைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, தான் இருந்த இடத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டார்.

அங்கே இருந்தவர்களில் அவர்தான் மூத்தவர்.

"உட்காரும்மா."