நடுவில் எது இருந்தாலும்

"நான் எப்போ உன்னை வேலைய விடச் சொன்னேன்?" என்று போன வாரம் கணவன் அவளைக் கேட்டான். இன்று தன் அக்காவைச் சாட்சிக்கு உட்காரவைத்துக்கொண்டு, தான் மனைவிக்கு அனுப்பிய செய்திகள் முழுவதிலும் 'வேலையை விடு' என்று தேடுகிறான். மடிக்கணினி எதையும் காட்டவில்லை. "பாத்தியாக்கா? எல்லாம் இவ கட்டிவிடற கதை." ஜன்னல் வெயில் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. அவள் எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கணினியைத் தன் பக்கம் திருப்புகிறாள். 'வேலை' என்று தட்டி, ஒரு புள்ளியும் ஒரு நட்சத்திரமும் வைத்து, 'விட்' என்று முடிக்கிறாள். "நடுவுல எது இருந்தாலும் புடிச்சிடும், அண்ணி." விசையை அழுத்தியதும் அவன் அனுப்பிய வரிகளால் திரை மஞ்சள் மஞ்சளாக நிறைகிறது. வேலைய எப்பதான் விட்டுத் தொலைப்ப. வேலைக்குப் போறத விட்டுட்டா குடியா முழுகிடும். வேலையா நானா, ஒண்ணை விட்டுடு. அக்கா ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துவிட்டு நிமிர்கிறாள். "ஏன்டா, மூச்சு வாங்கவாவது நடுவுல நிறுத்துனியா?" மின்விசிறி கடகடக்கிறது. "நாளைக்கும் நான் வேலைக்குக் கிளம்புவேன்" என்கிறாள் அவள். விரல் விசையை விட்டு நகரவில்லை, மஞ்சள் வரிகள் கீழே கீழே ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவன் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு வெளியே போகிறான்.