மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வர்

ஜவுளிக்கடை மாடிப்படிக்கு அடியில் கிடந்தது அந்தப் பழைய சர்வர் கம்ப்யூட்டர். பில் போடும் வேலையெல்லாம் இன்டர்நெட் வழியே எங்கோ தூரத்திலிருந்த கிளவுடுக்குப் போய்விட்டதால், அந்தப் பக்கம் ஓர் ஆளும் எட்டிப்பார்ப்பதில்லை.

“பெருசு, தீபாவளி முடிஞ்சதும் உன்னை எடைக்குப் போடப்போறாங்களாம். அப்புறம் நான் யாருக்குக் குளிரடிக்கிறது?” என்றது அதற்கென்றே மாட்டியிருந்த ஏ.சி.



தீபாவளிக் கூட்டத்தை முதல் இரண்டு நாள் கிளவுடு அநாயாசமாகச் சமாளித்தது. மூன்றாம் நாள், தெருவில் பள்ளம் தோண்டிய பொக்லைன் இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டது. கல்லாவில் ஒரே கூச்சல். முதலாளி ஓடிவந்து சர்வரைத் தட்டி எழுப்பினார். மாலைவரை அது மூச்சிரைக்க பில் போட்டது.

கேபிளைச் சேர்த்ததும் கிளவுடு பேசியது.

“அண்ணே, உங்களை எடைக்குப் போடலையாம். கூட்டத்தை நான் பாத்துக்கறேன். கடை சாத்தினதும் அன்னன்னைக்கு நடந்ததை உங்ககிட்டயும் சொல்லிவைக்கணுமாம். நாலே நிமிஷம்தான்.”

“மெதுவாவே சொல்லு, தம்பி,” என்றது சர்வர்.