பன்னிரண்டாம் பக்கத்து மீன்கொத்தி

தபால்தலையை இடுக்கியால் மெல்ல எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மீன்கொத்தி. ஐந்து ரூபாய். ஓரத்துப் பல் ஒன்றுகூட உடையவில்லை.

"இருபதுதான் அனுப்புனாங்க அண்ணாச்சி. காலையிலயே தீந்துட்டு. ஒங்களுக்குன்னு ஒண்ணு ஒளிச்சு வச்சேன்" என்றாள் தபால் நிலையக் கவுண்டரில் இருந்த ஜெபமணி. "நாலு மாசமா என் உயிர எடுத்தீங்கல்லா."

இந்த வருடம் ஐம்பத்து நான்கு சிறப்புத் தபால்தலை வெளியீடுகள். பாதிக்கு முந்தின நாள்தான் அறிவிப்பு. சில தபால்தலைகள் இந்த ஊரை எட்டிப் பார்ப்பதே இல்லை. கடிதம் எழுதி, கெஞ்சி, வெளியூர் நண்பர்களிடம் சொல்லிவைத்து ஐம்பத்து மூன்றைச் சேர்த்துவிட்டார்.

ஆல்பத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் காலி.

அதில் பென்சிலால் 'வரவில்லை' என்று எழுதிவைத்திருந்தார்.

முப்பத்தோரு வருடங்களில் ஒன்றுகூட விட்டுப்போனதில்லை. எதிலும் பசை பட்டதில்லை. முத்திரை விழுந்ததில்லை.

"அக்கா, அஞ்சு ரூவா ஸ்டாம்பு."

பின்னால், ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையில் ஒரு பெண். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. விடுதிச் சமையல் வேலைக்கான விண்ணப்பம் கையில். தபாலில் சேர்க்க இன்று கடைசி நாள்.

"எங்க விலாசம் எழுதின கவர்ல ஸ்டாம்பு ஒட்டி உள்ள வைக்கணுமாம். இல்லன்னா தள்ளிருவாங்களாம்."

"சாதா ஸ்டாம்பு ஒண்ணுகூட இல்லம்மா. திங்கக்கெழமதான் வரும்."

"மிஷின்ல அடிச்சுக் குடுங்களேன்."

"அதுல இன்னைக்குத் தேதி விழுந்துரும். திரும்பி வார கவருக்கு ஆகாது."

"அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும்க்கா."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. மூன்று மணிக்குத் தபால் பையைக் கட்டிவிடுவார்கள்.

ஆண்டவரே, என்றார் மனதுக்குள். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்று பட்டது.

மீன்கொத்தியை இடுக்கியோடு நீட்டினார்.



அந்தப் பெண் விரலால் பிடுங்கிக்கொண்டாள். பசை டப்பாவில் விரலை விட்டாள். தடவினாள். ஒட்டினாள். சற்றுக் கோணல். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அவரு ஆல்பத்துக்கு வாங்குனது தெரியுமா?" ஜெபமணிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி கையாலகூடத் தொட மாட்டாரு."

அந்தப் பெண்ணின் விரல் நின்றது.

"ஐயையோ. கோணலா வேற ஒட்டிட்டேனே!"

"ஸ்டாம்புன்னா ஒட்டத்தானம்மா. பையக் கட்டிருவாங்க, குடு" என்றார் அவர்.

அவள் உறையை மடித்து, விண்ணப்பத்தோடு பெரிய உறைக்குள் வைத்தாள். பெரிய உறையை ஜெபமணி வாங்கி மிஷினில் அடித்தாள். பை கட்டப்படும்வரை அந்தப் பெண் நகரவில்லை.

வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்டர்வியூக்குச் சீட்டு வந்ததும் அந்தக் கவரக் கொண்டாந்து தாரேன் சார். ஆனா சீல் குத்தி அழுக்காயிருக்குமே."

அவர் சிரித்தார்.

வீட்டில், மாலை ஜெபத்துக்கு முன்னால், ஆல்பத்தை விரித்தார். பன்னிரண்டாம் பக்கம். காலிக் கட்டத்தில் இருந்த 'வரவில்லை'யை ரப்பரால் அழித்தார். தூளை ஊதினார்.

உறையில் படித்த பெயரைச் சிறிதாக எழுதினார்: பேச்சித்தாய்.

அதன் கீழே, கொஞ்சம் அழுத்தமாக:

வரும்.