மாப்பிள்ளை மட்டும் கேட்கவில்லை

வயிற்றுக்குள் ஏதோ உருண்டது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதா? மாப்பிள்ளை இருக்கும்போதா?

மகள் நிறைமாதம். அதனால் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பது அவர்தான். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவர் எதிரே அவள் உட்கார்ந்ததுகூட இல்லை. இப்போது கையில் டிரிப்பும் வயிற்றில் தையலுமாக மல்லாந்து கிடக்கிறாள். இது போதாதா?

குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, மீதியைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். காற்று பிரிந்தால்தான் குடல் விழித்துக்கொண்டதாக அர்த்தமாம். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

டாக்டர் கேட்டார். நர்ஸ் கேட்டாள். தரை துடைக்க வந்தவள்கூட விடவில்லை.

"என்னம்மா, காத்து போயிட்டா?"

மாப்பிள்ளை மட்டும் கேட்கவில்லை. யார் கேட்டாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்மேல் அவளுக்குத் தீராத கோபம்.

ஆபரேஷனுக்கு முன், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாகவே வாங்கி, வருஷக்கணக்காக விழுங்கிய ஸ்டீராய்டு. அதை மாப்பிள்ளை முன்னால் சொல்வதா? நோய்நொடி இல்லாத குடும்பம் என்று பெண் பார்க்க வந்த அன்று பெருமையடித்த வாயாயிற்றே.

அவரோ, மூக்குக் கண்ணாடி எடுக்க அவள் பையைத் திறந்தவர், மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார். நேரே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மனுஷனா அவர்!

"நல்லவேளை தம்பி. இது தெரியாம கத்தி வச்சிருந்தா, டேபிள்லயே பிரஷர் விழுந்திருக்கும்."

தியேட்டருக்குள் போகும் முன் ஸ்டீராய்டையே ஊசியாக ஏற்றினார்கள். ஆபரேஷன் தாண்டியது. பயம் தாண்டவில்லை. இந்த மாத்திரை தின்ற உடம்பில் தையல் லேசில் ஒட்டாதாம். குடல் தையல் விட்டுப்போனால் மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டுமாம்.

சாயங்காலம் வரை பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிப் போயிருந்தார்.

மறுபடியும் உருண்டது. கீழே இறங்கியது.

அடக்கிவிடலாம். அடக்கித்தானே பழக்கம்.

ஓரக்கண்ணால் பார்த்தாள். மாப்பிள்ளை பேப்பரை விரித்து வைத்திருந்தார். பக்கம் திருப்பவே இல்லை. உதடு மட்டும் ஏதோ சாமி பேரை முணுமுணுத்தது. அவள் பெற்ற பிள்ளைகள்கூட இப்படி வேண்டியிருக்க மாட்டார்கள்.

போ என்று விட்டாள்.

கட்டிலே அதிர்ந்தது.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். கண் நிறைந்துவிட்டது. அப்படியே வராந்தாவுக்கு ஓடினார்.

"சிஸ்டர்! எங்க அத்தைக்குக் காத்து போயிட்டு! காத்து போயிட்டு சிஸ்டர்!"

எதிர் அறையில் யாரோ கைதட்டினார்கள்.

மானம் போகும் என்று காத்திருந்தாள். சிரிப்புதான் வந்தது. வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். வலித்தது. ஆனால் தையல் அசையவில்லை.

டாக்டர் வந்தார். வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். தலையாட்டினார். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்.

மாப்பிள்ளைதான் ஸ்பூனில் ஊட்டினார். தேவாமிர்தம்.

விழுங்கிவிட்டு, தலைமாட்டிலிருந்த பையை மெல்ல அவர் பக்கம் தள்ளினாள்.

"பக்கத்து ஜிப்புக்குள்ள இன்னொரு அட்டை கெடக்கு. அதையும் டாக்டர்ட்ட காட்டிருங்க மாப்பிள்ளை."